பத்தொன்பது கோடுகள்

லியெபாயாவில் நவம்பர் என்பது
மழை பக்கவாட்டில் பெய்யும் மாதம்.
பிள்ளைகளுக்கு முன்பே காற்று வந்து
வகுப்பில் உட்கார்ந்துவிடும்.

இரண்டாம் வகுப்பு. ஓவியமும் வடிவமைப்பும்.
பதினெட்டுப் பேருக்குப் பதினோரு கத்தரிக்கோல்.
அவற்றில் மூன்று
காகிதத்தை வெட்டாது, மெல்லும்.

ஒவ்வோர் ஆண்டும் நீலம்தான் முதலில் தீரும்.
சன்னலுக்கு வெளியே கடல் இருக்கிறது.
அது நீலமாக இருந்த நாட்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.
ருடால்ஃப்ஸ் மட்டும் அதைப்
பிழிந்த தேயிலைப்பையின் நிறத்தில் தீட்டினான்.
அழுக்குக் கடல் என்று சிரித்தார்கள்.
அவன் அப்பாவுக்கு இழுவைப்படகில் வேலை.
அவன் சிரிக்கவில்லை,
இன்னும் கொஞ்சம் கருப்பு கேட்டான்.

அன்றைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்:
இந்தப் பள்ளிக்கூடத்தில்
உங்களைத் தொல்லைப்படுத்தும் ஒன்றைப் பிடியுங்கள்,
மாற்றி வரையுங்கள்.

ஹுகோ, அடிக்கவே அடிக்காத மணி ஒன்றை வரைந்தான்.
மில்டா, பீட்ரூட் சூப்பை மதில் தாண்டி
அடுத்த பள்ளிக்கு அனுப்பும் குழாய்.
இரட்டையர் என்னை வரைந்தார்கள்,
வாயில் ஜிப் வைத்து.
(நல்ல ஜிப். பற்களைக்கூட எண்ணிப் போட்டிருந்தார்கள்.)

தெய்கா ஒன்றும் வரையவில்லை.
கையில் சிவப்புக் கம்பளி நூல்,
காதில் பென்சில்.
ஒவ்வொருவராகத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனாள்.
அவள் குரல் மட்டும் கேட்டது:
"கையைத் தூக்கு. எக்காதே.
எக்கினால் பொய்."

மணி அடித்தபோது அவள் தாள் வெள்ளை,
ஓரத்தில் ஒரு கட்டைவிரல் கறை தவிர.
என் படிவத்தில் ஒரு கட்டம்:
படைப்பாற்றல், ஒன்று முதல் பத்து.
அதனருகே இன்னொன்று:
சான்று இணைக்கவும்.

"வெல்கா, வந்து சுவரைப் பாருங்கள்,
செப்டம்பரில்தான் வெள்ளையடித்தோம்"
என்றார் தலைமையாசிரியர்.

கோட்டு மாட்டும் கொக்கிகள்
பெரியவர் தலைக்கு நேரே ஒரே வரிசையில்.
யாரோ மட்டக்கோல் வைத்து
அழகு பார்த்த வரிசை.
அதற்குக் கீழே பென்சில் கோடுகள்
ஏறியும் இறங்கியும்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர்.
தரையில் கிடந்த கோட்டுகளை
இத்தனை நாளும்
சோம்பல் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது.
கொக்கிகளுக்கும் மேலே தனியாக ஒன்று.
அதில் பெயர் இல்லை,
ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருந்தது.

"அது உங்களுக்கு.
நாற்காலியிலிருந்து உங்கள் கோட்டு விழுகிறது.
போன வியாழன் மூன்று தடவை."
என்னை எப்போது அளந்தாய்?
"மேல் சன்னலை மூடினீர்களே, அப்போது.
நீங்கள் எக்கவில்லை."

ஏழு வருடம்.
எனக்கொரு கொக்கி இல்லை என்பது
எனக்கே தெரியாது.

தலைமையாசிரியர் ரப்பர் தேடிப் பையைத் துழாவினார்.
பிறகு என்ன தோன்றியதோ,
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு
தானும் ஒரு கையைத் தூக்கிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அகிஸ் துளைப்பானோடு வந்தார்.
பள்ளியின் பூட்டு, கொதிகலன், உடைந்த கண்ணாடி எல்லாம் அவர் பொறுப்பு.
"வரைபடம் எங்கே?"
சுவரில் இருக்கிறது.
"கோணலாக இருக்கிறதே."
கோணலாகத்தான் அடிக்க வேண்டும்.
ஒவ்வொரு துளைக்கும் முன்னால்
தெய்கா நூலைப் பிடித்து நின்றாள்,
அகிஸ் மூச்சுவிடவும் அனுமதி கேட்டார்.

திங்கட்கிழமை பத்தொன்பது கோட்டுகள்
வேறுவேறு உயரத்திலிருந்து சொட்டின.
ருடால்ஃப்ஸ் தன் குட்டையைக் குனிந்து பார்த்து
நிறம் சரி என்றான்.

படிவம் இன்னும் மேசைமேல் கிடக்கிறது.
சுவரை எதில் குத்தி இணைப்பது?

"அடுத்த வருடம் எல்லாரும் வளர்ந்துவிடுவீர்களே,"
என்று அகிஸ் கேட்டதற்கு
தெய்கா நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:
"துளைப்பானைத் தூரமாக வைத்துவிடாதீர்கள்."