பொருள்: பஸ் நிற்பதில்லை

திங்கட்கிழமை. தருமபுரி கலெக்டர் ஆபீஸ் சுவரோரம்
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்
என் பேனா.

மாதையன் ஐந்தாவது முறை வருகிறார்.
போன நான்கும் நான் எழுதியவைதான்:
பாலக்கோட்டு டவுன் பஸ்
ஜக்கனேரி காலனியில் மட்டும் நிற்காமல் போவது,
தக்காளிக் கூடையோடு மூன்று மைல் நடை,
நிறைமாதக்காரி ரஞ்சிதம்
பாதி வழியில், புளியமரத்தடியில், உட்கார்ந்துவிட்டது,
கண்டக்டர் டபுள் விசில் கொடுத்த தினுசு கூட.
இரண்டு பக்கம். தாளின் முதுகிலும்.

உள்ளே இருப்பவர் ‘பொருள்’ வரைக்கும் படிப்பார்.
ஏழெட்டு நொடி. சீல். அடுத்த ஆள்.

“இந்த வாட்டி ஒரே வரி போடுங்க சார்.”

பஸ் நிற்பதில்லை.

எழுதிவிட்டுப் பார்த்தேன்.
கூடை இல்லை, மரம் இல்லை.
யார் ஊரிலும் நிற்காத
ஏதோ ஒரு பஸ்.

“ரஞ்சிதம் பேரையாவது...” என்று இழுத்தேன்.
“பேரப் போட்டா கத கேப்பாங்க.
கேட்டுட்டு, நேரமில்லம்பாங்க.”

நாற்பதை எண்ணி வைத்தார்.
ஒரு வரிக்கு எப்படி வாங்குவது,
இருபதைத் திருப்பி நீட்டினேன்.
தொடவில்லை.

“மிச்சத் தாளு சும்மாத்தான கெடக்குது.
அவரு எழுதட்டும்.”