இரவல் குழி

ஒப்பந்தத்தில் அதன் பெயர் இரவல் குழி.
காற்றாலைக்குக் கல் வேண்டும்,
மலையிடம் வாங்கிக்கொள்வோம்,
வேலை முடிந்ததும் மூடித் தருவோம் என்று
பதினாறாம் பக்கத்தில் இருக்கிறது.
மலையின் கையொப்பத்தைத் தேடினேன்.
மேய்ச்சல் குழுவின் ஒன்பது பேர் போட்டிருந்தார்கள்.

நான் டோலினா. எடைமேடைக்காரி.
லூயிஸ் தீவு, மேற்குக் கரை.
ஜன்னலுக்கு வெளியே அட்லாண்டிக்.
உள்ளே ஒரு ஹீட்டர், ஒரு திரை,
மூன்று நிறத்தில் சீட்டு:
வெள்ளை ஓட்டுநருக்கு, மஞ்சள் தளத்துக்கு,
இளஞ்சிவப்பு எனக்கு.
காலி லாரி பதினான்கு டன்.
திரும்பி வரும்போது முப்பத்திரண்டு.
கழித்தால் வருவது மலை.

முன்பு கல் கப்பலில் வந்தது.
ஆம், கல்லின் மேலேயே குடியிருக்கும் எங்களுக்கு.
எங்கோ பெருநிலத்தில் உடைத்து,
ஸ்டோர்னோவே துறையில் இறக்கி,
ஒற்றைத் தடச் சாலையில் முப்பது மைல்,
பள்ளிப் பேருந்தைப் பள்ளத்தில் ஒதுங்கவைத்து.
கூட்டத்தில் எழுந்து நான்தான் கேட்டேன்:
கடலுக்குள் உட்கார்ந்துகொண்டு
உப்பை விலைக்கு வாங்குவோமா?
எல்லோரும் சிரித்தார்கள். கை தூக்கினார்கள்.
அதனால் பாதிப் பழி என்னுடையது.

இந்தக் கல்லுக்கு நைஸ் என்று பெயர்.
சாம்பலும் வெள்ளையும் வரிவரியாக.
முந்நூறு கோடி வயது என்றாள் ஆய்வுக்கு வந்த பெண்;
புல் இல்லாத காலமாம், மீன் இல்லாத காலமாம்.
நாங்கள் அதை நாற்பது மில்லிமீட்டருக்குச் சலிக்கிறோம்.
ஒரு கோபுரத்தின் அடியில் ஆயிரம் டன் போகும்.
மேலே சதுப்பு மண் மூடிவிடும்.
ஆடுகள் அதன்மேல் நின்று அசைபோடும்.

வெடி பகல் பன்னிரண்டுக்கு.
மூன்று முறை சங்கு.
ஞாயிறு கிடையாது;
ஞாயிற்றுக்கிழமை இங்கே துணிகூடக் காயப்போட மாட்டார்கள்.
திங்களன்று பீகி மெக்காலே காயப்போட்ட விரிப்பில்
முந்நூறு கோடி வயதுத் தூசி.
ஒன்பது கடிதம் எழுதினாள்.
நிறுவனம் ஓர் உலர்த்தும் இயந்திரம் அனுப்பியது.
அவள் மின்கட்டண ரசீதை அனுப்பினாள்:
"காற்றில் சும்மா காய்ந்த துணி.
அதே காற்றை உங்களிடம் விலைக்கு வாங்கி
நான் காயவைக்க வேண்டுமா?"
அந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் இல்லை.

நான் அவள் பக்கமா, தெரியவில்லை.
டோர்மோட் பதினோரு வருடம்
வடகடல் எண்ணெய் மேடையில் கிடந்தவன்.
இப்போது குழியில் தோண்டும் வண்டி ஓட்டுகிறான்,
ஆறு மணிக்கு வீட்டில்.
சண்டை கூடிப்போச்சு என்கிறாள் அவன் மனைவி,
வாயெல்லாம் சிரிப்பாக.
வேலை இருபத்தாறு மாதம்தான்.
இரவல் சேலையை நம்பி
இடுப்புக் கந்தையை எறிந்த கதை ஆகுமோ?
எண்ணெய் வேலையை அவன் எழுதிக் கொடுத்துவிட்டான்.

இதுவரை போன மலை
அலமாரியில் பதினோரு கோப்பாக இருக்கிறது,
இளஞ்சிவப்பில்.

போன வாரம் முழுக்கப் புயல்.
பளுதூக்கி எழவில்லை. லாரி வரவில்லை.
காற்றுக்காகக் கட்டுவதைக்
காற்றே நிறுத்திவைத்தது.
தனியாக உட்கார்ந்திருந்தேன்.
மேடை காலி.
திரையில் இருபது கிலோ.
பிறகு அறுபது. பிறகு ஒன்றுமில்லை.
பிறகு நாற்பது.

இன்வர்னஸுக்குப் போன் செய்தேன்.
காற்று அமுக்குது, பூஜ்யத்தை அழுத்துங்க என்றான்.
அழுத்தினேன்.
நாற்பது.

நாலு மணிக்கு ஒரு சீட்டு எழுதினேன்.
பொருள் என்ற இடத்தை வெறுமையாக விட்டேன்.
எடை: நாற்பது கிலோ.
பெறுபவர் கையொப்பம்:
கொஞ்ச நேரம் பேனாவோடு காத்திருந்தேன்.
பிறகு கிழித்து ஹீட்டருக்குப் பக்கத்துக் கூடையில் போட்டேன்.

வரிசை எண் 4,417 விடுபட்டது ஏன் என்று
தலைமை அலுவலகம்
எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது.