கேட்காமல்

என் மடிக்கணினியில் முந்நூற்று முப்பத்தெட்டு கிலோபைட்.
ஹஸ்வானுடையதில் நானூற்றுப் பன்னிரண்டு.
ஒரே மூலநிரல், ஒரே கம்பைலர்,
பதிப்பெண்ணின் கடைசிப் புள்ளிவரை ஒன்று.
மேசைகூட ஒன்றுதான், ஒன்-நார்த்தில்,
குளிர்சாதனத்துக்கு நேர் கீழே.

பாசிர் பாஞ்சாங்கில் பாரந்தூக்கி ஓட்டும் ஷஹ்ரிலின்
பலகைக்கணினியில் என் நிரல் விழுந்தது.
எட்டமுடியாத இடம் எட்டப்பட்டது
என்றது பிழைச்செய்தி.
வேறு துறையாக இருந்தால் மாலை போட்டிருப்பார்கள்.
எனக்குப் பிழைச்சீட்டு, முன்னுரிமை ஒன்று.

எங்கே விழுந்தாய் என்றால்
1187 என்கிறது.
நான் வைத்த பெயர் அதுவல்ல.
எழுத்து ஆங்கிலம்தான், பெயர் தமிழ்:
அலையடங்கும்வரை.
கொக்கி ஆடி ஓயும்வரை காத்திருக்கும் சுழல்.

மூன்று மாலை 1187-ஐத் தேடினேன்.
நாலாம் நாள் ஹஸ்வான் தன்னுடையதில் ஓட்டிப் பார்த்தான்.
அதுவும் விழுந்தது, அதே இடத்தில்,
பெயர் சொல்லிக்கொண்டு.

பிறகுதான் கம்பைலரிடம்
செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல் என்றேன்.
சொன்னது, பக்கம் பக்கமாக.
இணைப்பான் கைகழுவி எழுந்த பிறகு
கடைசியில் ஒரு வரி:
பாதையில் ஒரு சுருக்கி கண்ணில் பட்டது,
கொடுத்துவிட்டேன்.

மார்ச்சில் வேறெதற்கோ நான் நிறுவி
மறந்துபோனது அது.
ஹஸ்வானிடம் இல்லை.
யாரும் ஏவவில்லை. தடுக்கவும் இல்லை.

உணவங்காடியில் இதை அவனுக்கு விளக்கிவிட்டுக் குனிந்தால்
கிண்ணத்தைக் காணோம்.
மேசை துடைக்கும் மாது எடுத்துப்போயிருந்தார்,
கடைசிக்கென்று நான் ஒதுக்கிவைத்த
இரண்டு மீன் உருண்டைகளோடு.
மேசை பளிச்சென்று இருந்தது.
என்ன சொல்ல?

குற்றம் சுருக்கியுடையது அல்ல.
சுழலில் ஓட்டை விட்டவள் நான்.
அது குப்பை என்று கருதியதைக் கூட்டித் தள்ளியது,
அதில் என் பெயர்களும் போயின.
கட்டளை வரியில் ஒரு சின்னக் கொடி நட்டேன்:
வேண்டாம்.
நானூற்றுப் பன்னிரண்டு.
எழுபத்துநான்கு கிலோபைட் திரும்பிவந்து உட்கார்ந்தது,
கொஞ்சம் பருமனாக.

வெளியீட்டு நாளில் நானே கூப்பிடுவேன்.
எதை விட்டுவைக்க வேண்டும் என்று
சொல்லிக் கூப்பிடுவேன்.

ஹஸ்வான் திரையில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தான்,
அ-லை-ய-டங்...
அலை என்றால் கடல்தானே, என்றான்.
கொக்கி, என்றேன்.