முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ

நவம்பரில், ஒரே நாளில்,
எல்லா வீட்டுக்கும் கடிதம் வந்தது.
ப்டூய் நகரத் தபால்காரி அன்றைக்கு
சைக்கிளை விட்டுவிட்டு வேன் எடுத்துக்கொண்டாள்.
உங்கள் சொத்து, உங்கள் மதிப்பு, கீழே ஓர் எண்.
கையெழுத்து இல்லை.
கணினிக்கு எதற்குக் கையெழுத்து?

மதுக்கடையில் ஸோர்கோ மேசையைத் தட்டினான்:
"இந்த விலைக்கு அரசாங்கமே வாங்கிக்கொள்ளட்டும்,
இந்தா சாவி!"
நிஜமாகவே வைத்தான், சிந்திய பியர் நுரைமேல்.
அடுத்த வாரம் அதே கடிதத்தை
மடிப்புக் கலையாமல் வங்கியில் நீட்டினான்,
கடனுக்கு.
அங்கே அந்த எண் கொஞ்சம் குறைவு என்றானாம்.

நான் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளன்.
இருபத்தாறு வருடமாக வீடுகளுக்குள் நுழைந்து
முதலில் மூக்கால் அளப்பவன்:
நிலவறை ஈரம், எலி,
விரிசல்மேல் அவசரமாய்ப் பூசிய புதுச் சுண்ணாம்பு.
மரிபோரில் எங்கள் சங்கக் கூட்டத்தில்
மைக்கைப் பிடித்துச் சொன்னேன்:
"படியேறாதவன் போட்ட விலை
ஏட்டுச் சுரைக்காய்."
கைதட்டல்.
காப்பி இடைவேளையில், துறையிலிருந்து வந்த யெர்னேயா
"லட்சக்கணக்கில் கட்டடம் ஐயா,
நீங்கள் எத்தனை படி ஏறுவீர்கள்?" என்றாள்.
கோபமே இல்லாமல்.
அதுதான் உறுத்தியது.

ஹெர்மினா கோலெட்னிக் என்னைக் கூப்பிட்டது
மதிப்பு கூடிவிட்டது என்பதற்காக அல்ல,
குறைந்துவிட்டதாம்.
வரியும் குறையுமே அம்மா என்றேன்.
"குறைக்கச் சொல்லி யார் அழுதார்கள்?
வின்கோ நாலு கோடை விடுமுறை
கடலுக்குப் போகாமல் கான்கிரீட் கலந்தான்.
எதிர்வீட்டுக்காரிக்கு என்னைவிட ஒன்பதாயிரம் கூட.
மண்டல எல்லை எங்கள் சாலை நடுவே போகிறதாம்.
முப்பது வருடமாகப் பெருக்குகிறேன்,
நான் பார்த்ததில்லை அந்தக் கோட்டை."

நாள் முழுக்க அளந்தேன்.
லேசர் புள்ளி சுவருக்குச் சுவர் ஓடியது,
அவள் பூனை அதன் பின்னால்.
ஹாலோஸே சரிவு மெல்ல நழுவுவதைக்
கதவு சொன்னது: சாத்தினால் தானே திறந்தது.
கொதிகலனின் வயதைக் குறித்துக்கொண்டேன்.
முற்றத்து வால்நட் மரத்துக்குப்
படிவத்தில் இடமில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.
அதன் பருப்பு போட்ட ரொட்டியைத்தான்
தின்றுகொண்டிருந்தேன்.

ராத்திரி, மூன்று ஒப்பீட்டு விற்பனை,
தேய்மானம், திருத்தம்,
கூட்டிக் கழித்துப் பார்த்தால்
அவர்கள் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் வித்தியாசம்
முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ.
என் கட்டணம் ஐந்நூறு.

மறுபடி கூட்டினேன்.
அதே.

படியேறிய முழங்கால் வலித்தது.
ஏறாத ஒன்று எங்கோ
குளிரூட்டிய அறையில்
வலியில்லாமல் முனகிக்கொண்டிருக்கும்.

கதவுக்கான கழிவைக் கொஞ்சம் இளக்கினேன்.
வால்நட் மரத்துக்கு 'சூழல் நயம்' என்று ஒரு வரி.
அவர்கள் எண்ணுக்கு மேல்
எட்டாயிரத்து எழுநூறு ஏறியது.
எதிர்வீட்டை எட்ட முந்நூறு இருக்கும்போது
நிறுத்திக்கொண்டேன்,
நேர்மைக்காக.

எனக்கு வந்த உறை
இன்னும் குளிர்பெட்டி மேல்தான் கிடக்கிறது.
பிரிக்கவில்லை.
தப்பாக இருந்தால் ஆட்சேபிக்கலாம்.
சரியாக இருந்துவிட்டால்?