பிமியென்டா நிற்கும் இடங்கள்

எட்டு வருஷம் ஊரார் வாய்க்குப் பல் செய்து கொடுத்ததற்கு
முதலாளி தந்த பரிசு ஒரு சீட்டு:
என்செனாடாவில் ஒரு நாள்.
குதிரைச் சவாரி. ஊர் பார்த்தல்.
மதியச் சாப்பாடு உங்கள் செலவு.

மெஹிகாலியில் விடியுமுன் பஸ் ஏறினேன்.
மலை இறங்கியதும் ஏசியை நிறுத்தினார் ஓட்டுநர்.
ஜன்னல் வழியே சும்மா வந்தது
எங்கள் ஊரில் மின்கட்டணம் கட்டி வாங்கும் குளிர்.

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
குதிரையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.
மெல்ல உதட்டை விலக்கினேன்.
முன்பல் பழைய பியானோக் கட்டையின் நிறம்.
கடைவாயில், இடப்பக்கம் மட்டும், ஏனோ அதிகத் தேய்மானம்.
பதினெட்டு வயசிருக்கும் என்றேன்.
"பத்தொன்பது" என்றார் நிக்கானோர்.
அப்புறம் நாள் முழுக்க என்னை "டாக்டர்" என்றுதான் கூப்பிட்டார்.
நான் திருத்தவில்லை.

பெயர் பிமியென்டா. மிளகு.
சாம்பல் உடம்பில் யாரோ தாராளமாகத் தூவியிருந்தார்கள்.
ஏறும்போது என் முழங்கால் முனகியது,
இறங்கும் அலைக்குள் அது கால் வைத்தபோது
பிடரியை இறுகப் பற்றிக்கொண்டேன்.
மண்குதிரை இல்லை.
கரையவில்லை.

கொடிக்கம்பம் முழுசாகத் தெரியும் இடத்தில்
தானே நின்றது.
"இங்கே படம் எடுப்பார்கள்" என்றார் நிக்கானோர்.
என் போன் பஸ்ஸிலேயே செத்துப்போயிருந்தது.
சொன்னால் குதிரைக்குப் புரியவா போகிறது?
மூன்று படம் எடுக்கும் நேரம் நின்றது.
வேறு வழியில்லாமல்
நான் கொடியைப் பார்த்தேன்.
அவ்வளவு பெரிய துணி
காற்றில் திரும்பும்போது
கிழியும் சத்தம் கேட்கிறது, ஆனால் கிழிவதில்லை.

வெள்ளை மண்டபத்தின் முன்னால் நின்றது.
ஒரு மணப்பெண் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு
படிக்கட்டில் உட்கார்ந்து மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்,
மிளகாய்ப்பொடி வெள்ளையில் சிந்தாமல்,
முழுக் கவனத்தோடு.
மூன்று படம்.
கிளம்பியது.

துறைமுகத்தில் கடற்சிங்கங்களுக்காக நின்றது.
அவை ஒன்றன்மேல் ஒன்று கிடந்து
சம்பளம் வராத தொழிலாளிகள் மாதிரி கத்தின.
நாற்றம் கண்ணில் எரிந்தது.
மூன்று படம், அதற்குமேல் ஒரு நொடி இல்லை.

பிறகு மீன் சந்தைக்குப் பின்னால்,
ஒன்றுமே இல்லாத ஒரு சந்தில்
நின்றது.

எதிரே செங்கல் சுவர்.
ஐஸ் தொழிற்சாலையின் முதுகு.
குழாய் ஒழுகிய இடமெல்லாம்
உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.
"இது சீட்டில் இல்லை, டாக்டர்" என்றார் நிக்கானோர்.
கடிவாளத்தை இழுக்கவில்லை.
தொப்பியைக் கழற்றிச் சுவர் நிழலில் உட்கார்ந்தார்,
தினமும் உட்காருகிற இடம்போல,
அங்கே சிமென்ட் வழவழத்துக் கிடந்தது.

பிமியென்டா கழுத்தைச் சாய்த்து
இடது கன்னத்தைச் சுவரோடு வைத்து
கர்ர், கர்ர் என்று சுரண்டியது.
கண் பாதி மூடியிருந்தது.
மேலே இருந்து ஒரு சொட்டு
என் பிடரியில் விழுந்து முதுகுவரை போயிற்று.
ஓ, இதுதானா, என்றேன் உரக்க.
யாரும் எதுவென்று கேட்கவில்லை.

எவ்வளவு நேரம், தெரியாது.
முப்பது படம் இருக்கும். நாற்பது.

மதியம் என் செலவில் ஆக்டோபஸ் தோஸ்தாதா,
எலுமிச்சை போதவில்லை, இன்னொன்று கேட்டேன்.
இரவு பஸ்ஸில் தொடை இரண்டும்
அடுத்தவருடையவை.

திங்கட்கிழமை முதலாளி கேட்டார்,
என்னவெல்லாம் பார்த்தாய்?
கொடி, மண்டபம், கடற்சிங்கம்.
சொல்லிக்கொண்டே
ஓய்வுபெற்ற ரயில்காரர் ஒருவரின் கடைவாய்ப்பல்லை
விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன்.
எல்லாம் சமமாக, புத்தம்புதிதாக இருந்தது.
உரசும் சக்கரத்தை ஓடவிட்டு
இடப்பக்கம் கொஞ்சம்,
ஒரு மயிரிழை,
தேய்த்தேன்.