கசப்பு இருக்கிறதா

பகாவ் கடைத்தெருவுக்கு
ஒரு கசப்பு வாங்கப் போனேன்.

செம்பனை ஆலையின் எடைமேடையில் கிராணி நான்.
நாளுக்கு அறுபது லோரி.
குலை அவிக்கும் ஆவி
மதியத்துக்குள் கூந்தலுக்கு வந்துவிடும்,
யாரோ மூடிவைத்து மறந்த பாயசம் மாதிரி.
அதன்மேல் மல்லிகை சென்ட் அடித்தால்
பாயசத்துக்கு மாலை போட்டது போல.
அடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மருந்தகத்தில், பெண்கள் அடுக்கு நெடுக
வெனிலா, ரோஜா, பீச், மறுபடி வெனிலா.
"கசப்பா வேணும்" என்றதும் அந்தப் பெண்
இருமல் மருந்துப் பக்கம் கைகாட்டினாள்.
ஆண்கள் அடுக்கில் ஒன்று
முதல் மூச்சுக்குச் சரியாக இருந்தது,
நார்த்தங்காய்த் தோலை நகத்தால் கீறியது போல.
காசு கொடுக்க வரிசையில் நிற்கையில்
அதனடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை எழுந்து வந்தான்,
சவரம் செய்த மோவாய், கழுத்தில் தடித்த சங்கிலி.
குப்பியைத் திருப்பி வைத்தேன்.
பஸ்ஸில் வீடுவரை வந்தான்.

அத்தர் கடை காதர் சுல்தான்
ஊது, சந்தனம், கஸ்தூரி என்று
என் இரண்டு கையையும் நிரப்பிவிட்டார்.
"பழத்தோல் வாசம் நிக்காதும்மா.
நிக்கணும்னா அடியில இனிப்பு வைக்கணும்."
அந்த ஏற்பாடு எனக்குத் தெரியும் என்று
நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பசார் மாலாமில்
ரொஹாயுவின் மேசை.
பெயரில்லாத குப்பிகள், எண் மட்டும் ஒட்டியவை.
"பாஹிட்" என்றேன்.
எதிரே பாகற்காய் விற்பவனைக் காட்டினாள்.
பிறகு சிரித்து, பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடி
முப்பத்தெட்டை எடுத்தாள்.
லீமாவ் கஸ்தூரியின் பச்சைத் தோல்,
கொழுந்தைக் கசக்கிய கை,
தெரியாமல் விதையைக் கடித்துவிட்ட நாக்கு.
அவ்வளவுதான். அடியில் யாருமில்லை.

பன்னிரண்டு ரிங்கிட்.
நிற்கும் நேரத்தை ஆலையில் கணக்கெடுத்தேன்:
பதினோரு நிமிடம், நெரிசல் வேளையில் இரண்டு லோரி.
வண்டி இறங்கியதும்
தராசு பூஜ்ஜியத்துக்கு வருமே
அப்படிப் போய்விடும்.

செவ்வாய்க்கிழமை சன்னலில் சீட்டை நீட்டிய லோகேந்திரன்
மூக்கைச் சுருக்கினான்.
"எலுமிச்ச வாசமா இருக்கே,
யாரைக் கிராணி தலைமுழுகுனீங்க?"
வேடிக்கைக்குத்தான் கேட்டான்.
பதினான்கு டன் முந்நூற்றிருபது என்று
எழுதவேண்டிய இடத்தில்
ஒரு தேதியை எழுதிவிட்டேன்.

சிரம்பானில் வழக்கறிஞர் அறை, மூன்றாம் மாடி,
குளிர்சாதனத்தில் தொங்கிய வாசனை அட்டை.
வெனிலா.
அவர் கையெழுத்துப் போட்டார், நான் போட்டேன்,
ஒரே பேனா.
வீட்டுக்கு வந்து குளித்தேன், சாதாரண சோப்பு.
அன்றைக்கு யாரும்
எலுமிச்சை அறுத்து வைக்கவில்லை.

தேதியை அடித்துவிட்டு எடையை எழுதினேன்.
"மூணு வருசமாச்சு" என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அடுத்த மாதம் முப்பத்தெட்டு இல்லை.
நீலாயிலிருந்து சரக்கு வரவில்லையாம்.
நாற்பத்தொன்று இருக்கிறது, கொஞ்சம் இனிப்பு,
எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் என்றாள் ரொஹாயு.
எல்லாருடைய கழுத்தும் எனக்கு எதற்கு?

ஆலை வேலியோரம் ஒரு லீமாவ் பூருட்
முள்ளும் தானுமாக நிற்கிறது.
காயொன்றைப் பறித்துத் தோலை மணிக்கட்டில் தேய்த்தேன்.
எரிந்தது.
அப்படியே உச்சிவெயிலில் நின்று
பத்து லோரி நிறுத்தேன்.
வாசனை, வழக்கம்போல, போய்விட்டது.
மறுநாள் அந்த இடத்தில்
பழுப்பாக ஒரு கோடு.

வளையலை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டேன்,
அது தெரியட்டும் என்று.