சாய்கோடு

அவளுடைய ஐ.சி.யில்
அவள் பெயருக்கும் என் பெயருக்கும் நடுவே
இரண்டெழுத்து, ஒரு சாய்கோடு.
யாழ்வதனி ஏ/பி குணாளன்.
அந்த ஒற்றைக் கோட்டில்தான்
பதினேழு வருடம் எட்டு மாதம்
இரண்டு பேரும் சாய்ந்திருந்தோம்.

பிறகு அவள் போனாள்.
ஓடிப்போகவில்லை. சொல்லிக்கொண்டே
துணியை மடித்து, பிறையில் பஸ் ஏறி,
ஃபெரியில் கடல் தாண்டிப் போனாள்.
ஜெலுத்தோங்கில் ஓர் அறை.
கைப்பேசி உறை விற்கும் கடையில் வேலை.

காரணம் சொல்ல வெட்கம்.
அவள் சேமிப்புக் கணக்கில்
ஆயிரத்து எண்ணூற்று அறுபது வெள்ளி.
காப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து.
வேனுக்கு கியர்பாக்ஸ் போனபோது எடுத்தேன்,
அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று.
எங்கள் வீட்டில் அடுத்த மாதம் என்பது
கும்பிட்டால் வராத ஒரு சாமி.

"இனிமே உங்களுக்கும் எனக்கும்
கணக்கே இல்ல" என்றாள்.

அறை கொடுத்த ஊய்
மறுநாளே போன் செய்தார்:
"வயசு பத்தாது. அப்பா சைன் வேணும்."
போய்ப் போட்டேன்.
அவள் கடைக்குப் போயிருந்தாள்.
கொடியில் ஒரே ஒரு சீருடை
காய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வாரம், இரவு இரண்டு மணி,
மருத்துவமனையிலிருந்து அழைப்பு.
குடல்வால். உடனே அறுக்க வேண்டும்.
பாலத்தில் தொண்ணூறில் பறந்தேன்.
அவள் காசில் வாங்கிய கியர்
ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை.

மயக்க மருந்துக்குச் சம்மதம்: கையெழுத்து.
பணம் கட்டுபவர்: கையெழுத்து.
உறவு: அதற்கு ஒரு சின்னக் கட்டம்,
தபால்தலை அளவு.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள்
ஒன்றே ஒன்று சொன்னாள்:
"பேனாவைக் குடுத்துடுங்க, நர்ஸோடது."

"அவளே வேணாம்னு போயிட்டா,
நீ எதுக்கு மாமா கட்டுற?" என்றான் மைத்துனன்.
சரிதானே என்று
சட்ட உதவி அலுவலகத்தில் போய்க் கேட்டேன்.
ரொஸ்னானி என்ற அந்த அம்மாள்
தட்டச்சிலிருந்து தலை தூக்கவில்லை.
"பதினெட்டு ஆகும்வரை, என்சிக்.
கதவை அவள் சாத்தலாம்.
நீங்கள் சாத்த முடியாது."

வெளியே வந்து
மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்தேன்.
நிம்மதியாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.
பாசம் என்றால் திருப்பி அனுப்புவாள்.
சட்டம் என்று எழுதி
மாதம் இருநூறு போட்டேன்.
திரும்பி வரவில்லை.

பதினெட்டு முடிந்த மறுநாள் வங்கிக்கு வரச் சொன்னாள்.
எங்கள் எண் மூவாயிரத்து நாற்பத்தேழு.
நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தோம்.
அந்தக் கணக்கிலிருந்து என் பெயரை நீக்க
என் பெயரையே எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.
குணாளன் என்பதில் வளைவுகள் அதிகம்,
அன்றுதான் தெரிந்தது.

"நாலு மாசம் எண்ணூறு அனுப்பியிருக்கேன்" என்றேன்
வாசல் படியில் வைத்து.
"அது சட்டம்" என்றாள். "இது வேற."

மழை பிடித்துக்கொண்டது.
ஐந்தடிப் பாதையில் ஒதுங்கி நின்றோம்.
பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.
பழைய ஹோண்டா மோட்டார்,
முப்பத்தாறு மாதத் தவணை.
ஜாமீன் போடுபவர்: காலியிடம்.

இந்தக் கையெழுத்தை
ஊய் கேட்கவில்லை, நர்ஸ் கேட்கவில்லை,
எந்தச் சட்டமும் கேட்கவில்லை.
அவள் தவணை தவறினால்
என் வேனைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள்.

"முன்பணம்
ஆயிரத்து எண்ணூற்று அறுபது" என்றாள்,
தாளைப் பார்க்காமலே.

"வட்டி எவ்வளவு?" என்றேன்.

"எதுக்கு?" என்றாள்.